வேலூரில் பாம்புப் பெட்டி: மீன் தொட்டியா, டப்பாவா, மல்டிவுட்டா?

பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்ப்பது பற்றி இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. எந்த ஹீட்டர், எத்தனை வாட், ராத்திரி சூடு இறங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றே பாதிக்கு மேல் போகும். அதைக் காட்பாடியில் மே மாதம் மத்தியானம் உட்கார்ந்து படித்தால் சிரிப்புதான் வரும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை ஓடும் கத்திரியில் இங்கே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே இல்லை. "நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை" என்று நம் ஊரைக் கேலி பேசுவார்களே, அந்த மரமில்லாத மலைதான் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி வெகுநேரம் வரை அனலாகத் திருப்பி விடுகிறது.

அதனால் இந்தக் கட்டுரையில் பெட்டிகளை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடப் போகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் அறையே கொதிக்கும்போது, பாம்பு போய் ஒதுங்க ஒரு குளிர்ந்த மூலை அந்தப் பெட்டிக்குள் மிஞ்சுமா? மார்கழி, தைக் குளிரைச் சமாளிப்பது இங்கே சின்ன வேலை. இரவில் 16, 17 டிகிரிக்கு இறங்கும் அந்தச் சில வாரங்களுக்கு ஒரு சின்ன ஹீட்டர் போதும்.

முதலில் எந்தப் பாம்பு என்பதைத் தீர்த்துக்கொள்வோம். சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி என்று நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏலகிரிப் பக்கம் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், சும்மா தருகிறார்கள் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இருதலை மணியன் வீட்டில் இருந்தால் பணம் கொட்டும் என்று சொல்லி விற்கிறவர்கள் மோசடிக்காரர்கள். அதை நம்பி வாங்கியவர்களும் சேர்ந்துதான் வழக்கில் மாட்டுகிறார்கள்.

வெளிநாட்டுப் பாம்பு என்றால் பேச்சு வேறு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024-இல் வந்தன. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம். கைமாற்றினாலும், குட்டி பிறந்தாலும், செத்துப்போனாலும் தெரிவிக்க வேண்டும். பலர் வளர்க்கும் இன்னொரு வெளிநாட்டுப் பாம்பான கார்ன் ஸ்நேக் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பில் இல்லாமல் வாங்க வேண்டாம். காகிதம் சரியாக இல்லாத பாம்புக்குப் பெட்டி பார்த்து என்ன பயன்?

இந்த இரண்டு பாம்புகளையும் மனதில் வைத்துத்தான் இனிப் பேசுகிறேன். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழ்வது. அங்கேயும் வெயில் நம் ஊரைப் போலத்தான் அடிக்கிறது. ஆனால் அது பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் கிடக்கும். வெளியே கொளுத்தினாலும் புற்றுக்குள் குளிர்ச்சியும் ஈரமும் இருக்கும். வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்தடி வரை போகும். பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, ஈரப்பதம் 55 முதல் 75 சதவீதம் இருந்தால் அதற்குச் சௌகரியம். கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்தது. நீளம் கிட்டத்தட்ட அதே அளவுதான், உடம்பு மட்டும் மெலிது. அதற்குச் சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25, ஈரப்பதம் 40 முதல் 60 போதும். (புற்றுக்குப் பால் ஊற்றும் ஊரில் இதையும் சொல்லி வைக்கிறேன்: இரண்டுக்குமே பால் வேண்டாம், தண்ணீர்தான்.)

இரண்டு பாம்புமே 35 டிகிரிக்கு மேல் ஒதுங்க இடமில்லாமல் நீண்ட நேரம் மாட்டிக்கொண்டால் தாங்காது. பாம்புக்கு வியர்க்காது, குளிர்ந்த இடத்துக்கு நகர்வது மட்டும்தான் அதன் வழி. நகர இடமில்லாத பெட்டி எத்தனை விலை கொடுத்து வாங்கினதாக இருந்தாலும் கோடையில் அது அடுப்புதான்.

பெட்டிக்கு முன்னால் அறை

இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எந்தப் பெட்டியாக இருந்தாலும், தானாக அது அறையைவிடக் குளிர்ந்துவிடாது. அறை 38 டிகிரியில் இருந்தால், கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மரமோ, சில மணி நேரத்தில் உள்ளேயும் 38-ஐ ஒட்டி வந்துவிடும். ஆகவே வீட்டில் பாம்பை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பது பெட்டியின் விலையைவிடப் பெரிய முடிவு.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையை விட்டுவிடுங்கள். பையன்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்த அறைதான், தெரியும். ஆனால் கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூடேறி, வெயில் இறங்கிய பிறகுதான் அதை உள்ளே விட ஆரம்பிக்கும். மாலை ஏழு மணிக்கு வெளியே கொஞ்சம் காற்று வரும்போது அந்த அறைக்குள் இன்னும் வெந்துகொண்டிருக்கும். மேற்குச் சுவரை ஒட்டிய இடமும் அப்படித்தான்.

தரைத்தளம், வடக்குப் பார்த்த அறை, வெயில் நேரே விழாத உள்சுவர் ஓரம், தரையிலிருந்து அதிகம் உயராத இடம்: இவை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடோ நாட்டு ஓட்டு வீடோ இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். தாளிக்கிற புகை, கேஸ் சூடு, அப்புறம் வீட்டில் நடக்கும் சண்டை.

ஏசி உள்ள அறை என்றால் 26, 27-இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். காற்று நேரே பெட்டியில் அடிக்கக் கூடாது, ஏசி காற்றை உலர்த்தும் என்ற இரண்டையும் கவனித்தால் போதும். ஏர் கூலரைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நம் ஊர்க் கோடை வறண்ட கோடை. மத்தியானம் காற்றில் ஈரம் 30 சதவீதம் பக்கம் இருக்கும் நாளில், 40 டிகிரிக் காற்றை ஒரு நல்ல கூலர் 30 பக்கம் இறக்கிவிடும். கூடவே பால் பைத்தானுக்கு வேண்டிய ஈரத்தையும் தந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் வைத்து வெளிக்காற்றை இழுக்க விட வேண்டும், அறையில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். மூடிய அறையில் கூலர் ஓட்டினால் கசகசப்புதான் மிச்சம். ஆடி, ஆவணியில் மழை ஆரம்பித்துக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கூலருக்கு வேலை செய்யத் தெம்பு இருக்காது. அதற்குள் வெயிலும் தணிந்திருக்கும்.

ஏசியும் இல்லை, கூலரும் இல்லை, அறை மேல்மாடியில் என்றால் நான் வெளிப்படையாகவே சொல்வேன்: இப்போதைக்குப் பாம்பு வேண்டாம்.

மீன் தொட்டி

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். யாரோ மீன் வளர்த்து அலுத்துப்போய் மூலையில் வைத்திருப்பார்கள். கேட்டால் பாதி விலைக்கோ சும்மாவோ கிடைக்கும். பாம்பு நன்றாகத் தெரியும், துடைப்பது சுலபம், ஈரத்தில் கெடாது. வாங்கும் நேரத்தில் இதைவிடக் கவர்ச்சியான பெட்டி இல்லை.

சிக்கல்கள் மெதுவாகத்தான் தெரியும். முதலாவது எடை. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் 8 மில்லிமீட்டர் கண்ணாடித் தொட்டி, தண்ணீர் இல்லாமலேயே 60 கிலோ பக்கம் வரும். வாடகை வீட்டில் இருப்பவர் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, திறப்பு மேலே. பாம்புக்கு மேலிருந்து வரும் கை என்றால் பருந்து, கழுகு வருகிற மாதிரி. சாதுவான பால் பைத்தான்கூடச் சுருண்டு தலையை மறைத்துக்கொள்ளும். முன்பக்கம் திறக்கும் பெட்டியில் அதே பாம்பு நிதானமாக இருப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் நம் ஊருக்குரிய சிக்கல். மேலே வலை மூடி போட்டால் ஈரம் முழுவதும் அந்த வழியாகப் போய்விடும். ஏப்ரல் மாதம் காலையில் தெளித்த தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போகும். பால் பைத்தான் அப்படிப்பட்ட இடத்தில் தோலை முழுசாக உரிக்காமல் துண்டு துண்டாக உரிக்கும். கண்மேல் இருக்கும் தோல் ஒட்டிக்கொண்டு நிற்கும். வலையில் முக்கால்வாசியை அக்ரிலிக் தகட்டால் மூடினால் ஈரம் நிற்கும், ஆனால் காற்றோட்டம் குறைந்துவிடும். கண்ணாடி வெப்பத்தைத் தடுக்காது என்பதால், கரண்ட் போய் ஏசி நின்றவுடன் அறைச்சூடு உள்ளே வந்துவிடும். ஜன்னல் வெயில் அரைமணி நேரம் நேராக விழுந்தால் போதும், உள்ளே என்ன ஆகும் என்று வெயிலில் நிறுத்திய காரைத் திறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கார்ன் ஸ்நேக்குக்கு, ஏசி அறையில், நல்ல பூட்டு மூடியோடு என்றால் தொட்டி பரவாயில்லை. பால் பைத்தானுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போர் தண்ணீரைத் தெளித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படிவம் படியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டிய தண்ணீரைத்தான் தெளிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் டப்பா

துணி, அரிசி வைக்கும் பெரிய மூடி போட்ட டப்பாக்கள். லாங் பஜாரில் பாத்திரக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அவைதான். சால்டரிங் கம்பியால் பக்கவாட்டில் ஓட்டைகள் போட்டு, உள்பக்க விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினால் பெட்டி தயார். செலவைப் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை.

பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் குட்டிப் பாம்புக்கு இது மோசமான இடம் என்று சொல்ல மாட்டேன். இருட்டாக, ஒடுக்கமாக, ஈரம் நிற்கும்படி இருப்பதால் புதிதாக வந்த பால் பைத்தான் குட்டி சீக்கிரம் அமைதியாகும். இரை எடுக்க மறுப்பதில் பேர் போன பாம்பு அது, இப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் ஒழுங்காகச் சாப்பிடும். கோடையில் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டின் குளிர்ந்த இடத்துக்குப் போய்விடலாம் என்பது வேலூரில் சின்ன லாபம் இல்லை. பாம்பு நோய்வாய்ப்பட்டால் தனியே வைக்கவும் இதுதான் வசதி.

வளர்ந்த பாம்பை ஆயுள் முழுக்க டப்பாவில் வைப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பல பாம்புகளை வைத்து இனப்பெருக்கம் செய்பவர்கள் அடுக்கு அடுக்காக டப்பாவில் வைத்திருப்பார்கள். அவர்கள் கணக்கு வேறு. பாம்பு முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க முடிய வேண்டும் என்பதுதான் இப்போது பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் அளவு. டப்பாவில் அது நடக்காது. சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் என்று பிரிக்கவும் அதில் நீளம் போதாது. ஒரு பக்கம் ஹீட் மேட் (அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) வைத்தால் சிறிது நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே சூடாகிவிடும்.

ஆசாரியிடம் சொல்லிச் செய்வது: பிளைவுட், மல்டிவுட்

பிளைவுட்டை முதலில் தள்ளிவிடுகிறேன். மரம் பார்க்க அழகு, வெப்பத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் பால் பைத்தானுக்கு வேண்டிய ஈரத்தில் ஓரங்கள் உப்பிக்கொள்ளும், ஒட்டு விடும், பூஞ்சை பிடிக்கும். கீழே வைத்தால் கரையான். வார்னிஷ் அடித்தால் அந்த வாடை போகும்வரை வாரக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு, அடித்தளத்தில் மைக்கா ஒட்டி, மூலைகளை சிலிகானால் அடைத்தால் நிற்கும். மல்டிவுட் கிடைக்கிற ஊரில் ஏன் இந்தப் பாடு என்பதுதான் என் கேள்வி.

மல்டிவுட் என்று நம் ஆசாரிகள் சொல்வது பிவிசி நுரைப் பலகை. மாடுலர் கிச்சன் வந்த பிறகு சத்துவாச்சாரி, காட்பாடி, ராணிப்பேட்டை என்று எங்கே கேட்டாலும் இதில் வேலை தெரிந்தவர் கிடைப்பார். தண்ணீரில் ஊறாது, கரையான் தொடாது, பலகைக்குள் காற்றுக் குமிழிகள் இருப்பதால் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வெளிநாடுகளில் ஆயத்தமாக விற்கும் பாம்புப் பெட்டிகள் பலவற்றுக்கு இதே சாதிப் பலகைதான். அவற்றை வரவழைக்கச் செலவழிப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. நம் தெருமுனையிலேயே செய்துகொள்ளலாம்.

அளவுக்கு ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரப் பெட்டிக்கு மேல், கீழ், பின்பக்கம் தலா 8 சதுர அடி, இரண்டு பக்கவாட்டும் சேர்ந்து 8. மொத்தம் சரியாக 32. உயரத்தை 19 அங்குலமாகக் குறைத்துக்கொண்டால், மிஞ்சும் பட்டைகள் முன்பக்கச் சட்டத்துக்கு ஆகும். ஒரே பலகையில் பெட்டி முடிந்துவிடும். முன்பக்கம் இரண்டு நகரும் கண்ணாடி, மொபைல் கடை ஷோகேஸில் இருப்பது போல. 18 மில்லிமீட்டர் பலகை வாங்குங்கள். மெலிசில் ஸ்குரூ பிடிக்காது. "இன்னா சார், பாம்புக்கு ஷோகேஸா?" என்று ஆசாரி சிரிப்பார். சிரிக்கட்டும், அளவை மட்டும் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கீழ்ப்பட்டை நாலு அங்குலமாவது உயரமாக இருக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போட்ட தேங்காய் நார் தரையில் கொட்டும். காற்றுத் துளைகள் ஒரு பக்கவாட்டில் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் இருக்க வேண்டும். சூடான காற்று மேலேறி வெளியேற, கீழே குளிர்ந்த காற்று உள்ளே வரும். பருவத்துக்குத் தக்கபடி திறந்து மூடும் சின்ன வென்ட் மூடிகள், சமையலறை அலமாரிக்குப் போடுபவை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கோடையில் திறந்தும், மார்கழியில் பாதி மூடியும் வைத்துக்கொள்ளலாம். உள்மூலைகளுக்கு மீன் தொட்டி சிலிகான். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் வேண்டாம். வினிகர் வாடை முழுக்கப் போன பிறகுதான் பாம்பு.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. வெப்பத்தைத் தடுக்கும் பலகை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. கரண்ட் போய் ஏசி நின்றால் உள்ளிருக்கும் குளிர்ச்சி சீக்கிரம் போகாது, அது லாபம். உள்ளே ஹீட்டர் கட்டுப்பாடில்லாமல் ஓடினால் அந்தச் சூடும் வெளியே போகாது. கண்ணாடித் தொட்டியில் மன்னிக்கப்படும் கவனக்குறைவு இதில் மன்னிக்கப்படாது. இதனால்தான் அடுத்த விஷயம் முக்கியமாகிறது.

சூடும் பூட்டும்

தெர்மோஸ்டாட் (சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் கருவி) இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். கோழிமுட்டை இன்குபேட்டர் செய்பவர்கள் வாங்கும் எஸ்டிசி 1000 வகைக் கருவி மலிவு, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதில் சூடாக்க ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்), குளிரூட்ட ஒரு ரிலே என இரண்டு இருக்கும். இரண்டாவதில் ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை இணைத்து, பெட்டி சூடேறினால் காற்றை வெளியே இழுக்கும்படி செய்யலாம். ஆனால் அறை பெட்டியைவிடக் குளிர்ந்திருந்தால்தான் இதற்குப் பயன். அறையே 37-இல் இருக்கும்போது ஃபேன் ஓடினால் அனலையும் வறட்சியையும் உள்ளே இழுப்பதாகத்தான் முடியும். ரிலே பழசானால் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமலே ஓடக்கூடும் என்பதால், குறைந்த வாட் ஹீட்டரே நம் ஊருக்கு நல்லது.

கண்ணாடித் தொட்டிக்கும் டப்பாவுக்கும் அடியில் ஹீட் மேட் வைக்கலாம். 18 மில்லிமீட்டர் மல்டிவுட்டுக்கு அடியில் வைத்தால் சூடு உள்ளே ஏறாது. மேற்கூரையில் செராமிக் ஹீட்டரைக் கம்பிக்கூண்டு போட்டு மாட்ட வேண்டும். கூண்டு இல்லாவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். சூடு படுவது அதற்கு உடனே உறைக்காது. சூடேறும் கல் என்று விற்கிறார்களே, அதை வாங்கவே வேண்டாம். பிப்ரவரி கடைசியில் ஹீட்டர் ப்ளக்கையே பிடுங்கிவிடலாம், ஏசி அறையாக இல்லாவிட்டால்.

பூட்டு விஷயத்தில் சோம்பல் வேண்டாம். கார்ன் ஸ்நேக் குட்டி உங்கள் சுண்டுவிரல் நுழையும் இடுக்கில் போய்விடும். இங்கே ஒரு பால் பைத்தான் பக்கத்து வீட்டுக்குள் போனால், உடம்பில் இருக்கும் திட்டுகளைப் பார்த்துக் கண்ணாடி விரியன் என்று நினைத்து அடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஷோகேஸ் கண்ணாடிக்குப் போடும் பல் பூட்டு போதுமானது. இரண்டு கண்ணாடிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடைவெளியையும் பாருங்கள். குட்டி இருக்கும்வரை அங்கே ஒரு ரப்பர் பட்டை ஒட்டி வையுங்கள்.

உள்ளே என்ன போடுவது

இதில் நாம் அதிர்ஷ்டக்காரர்கள். வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்கும் தேங்காய் நாரும் மட்டைத் துண்டும் நமக்கு நர்சரியில் செங்கல் செங்கலாகக் கிடைக்கிறது. உப்புக் கழுவப்பட்டது என்று கேட்டு வாங்குங்கள். வீட்டிலும் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். மூன்று அங்குல உயரத்துக்குப் போட்டு, அடிப்பாகம் ஈரமாகவும் மேற்பரப்பு காய்ந்தும் இருக்கும்படி ஓரங்களில் தண்ணீர் ஊற்றினால், பால் பைத்தானுக்கு வேண்டிய ஈரம் கத்திரியிலும் நிற்கும். மரக்கடைத் தூள் சும்மா கிடைக்கிறது என்று போடாதீர்கள்: எந்த மரம் கலந்தது என்று தெரியாது, தூசி மூச்சுக்கு ஆகாது. மணலும் வேண்டாம். செய்தித்தாள் குட்டிக்கும் நோயாளிக்கும் போதும்.

ஒளிவிடம் இரண்டு வேண்டும், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர் பக்கம் ஒன்று. குளிர் பக்கத்துக்கு மண் சட்டியைக் கவிழ்த்து, ஓரத்தில் வாசல் தட்டி வைப்பதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. கரிகிரிப் பக்கம் செய்யும் மெருகு போட்ட பாண்டம் இதற்கு ஆகாது. மெருகில்லாத, தண்ணீர் கசியும் சாதாரணச் சட்டிதான் வேண்டும். காலையில் நன்றாக ஊற வைத்துக் கவிழ்த்தால், வறண்ட மத்தியானத்தில் மேலே இருக்கும் ஈரம் ஆவியாக ஆக, உள்ளே அறையைவிடச் சில டிகிரி குறைந்து நிற்கும். புற்றுக்குள் அந்தப் பாம்பு தேடிப்போகும் ஈரக்குளிர்ச்சி இதுதான். விளிம்பைத் தேய்த்து மழுக்க மறக்க வேண்டாம்.

எறும்பு வரும், வராமல் இருக்காது. பெட்டியை ஸ்டாண்டில் வைத்து, நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எறும்பு சாக்பீஸ், கொசுவத்தி, ஸ்ப்ரே, நாப்தலின் உருண்டை எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

அப்படியானால் எதை எடுப்பது

குட்டியாக வாங்குகிறீர்கள் என்றால் முதல் வருஷம் டப்பா. அந்தச் சமயத்தில் சேர்த்த பணத்தில் மல்டிவுட் பெட்டி.  வளர்ந்த பால் பைத்தானை வாங்குகிறவர் நேரே மல்டிவுட்டுக்குப் போய்விடலாம், தரைத்தள அறையும் கூலராவதும் இருக்கும்பட்சத்தில். ஏசி அறையும் கையில் ஏற்கெனவே ஒரு நாலடித் தொட்டியும் இருக்கிறது, கார்ன் ஸ்நேக்தான் ஆசை என்றால் தொட்டியை வீணாக்க வேண்டாம். மூடியை மட்டும் பூட்டு வைத்துப் புதிதாகச் செய்யுங்கள். கல்லூரி விடுதியில் இருப்பவர்கள், அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் கொஞ்ச வருஷம் பொறுப்பது நல்லது. பாம்பு இருபது, முப்பது வருஷம் வாழும்.

மதியம் கரண்ட் போய் நேரமாகிறது, பெட்டிக்குள் 34-ஐத் தாண்டிவிட்டது என்ற நாள் ஒன்று எப்படியும் வரும். அன்றைக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி, தலையணை உறை, ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டு தயாராக இருக்கட்டும். பாட்டிலைத் தடித்த துணியில் சுற்றி ஒரு மூலையில், பாம்பை உறைக்குள் போட்டு முடிந்து எதிர் மூலையில், மூடியில் காற்றுத் துளை. வெப்பமானியையும் உள்ளே வைத்து, 25-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கொண்டுபோகவும் இதே பெட்டிதான். பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் அருகில் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கும், வழியெல்லாம் வெயில்.

நேரம் பார்த்துச் செய்வதென்றால், தை மாதம் ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். மாசிக்குள் பெட்டி வந்து வாடை போய்விடும். அதன்பின் உச்ச அளவையும் குறைந்த அளவையும் நினைவில் வைக்கும் வெப்பமானி ஒன்றைக் குளிர் மூலைச் சட்டிக்குள் வைத்து, கத்திரி முடியும்வரை காலிப் பெட்டியை ஓட விடுங்கள். உச்சம் 32-க்குள் நின்றிருந்தால் ஆடி வாக்கில் பாம்பைத் தேடத் தொடங்கலாம். தாண்டியிருந்தால் அறையை மாற்றி அடுத்த கோடையிலும் பார்க்க வேண்டியதுதான். அதுவரை வீட்டில் அந்த ஷோகேஸுக்குள் என்ன அடுக்குவது என்று யாராவது ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள்.